நெவில் சொன்ன சொல்

— பெட்டி ஏன் கீழே போகுது?

— ஏன்னா என்ன கேள்வி? ஆள் ஏறினாங்க, மணி அடிச்சேன், விட்டேன். மலைச்சரிவுத் தண்டவாளத்துல ஓடற லிஃப்ட்டுன்னா மேலயும் கீழயும் போகத்தான் செய்யும், ஹலினா கண்ணு. ரெண்டு வருஷமா இந்த வாசல்ல டீ விக்கிற, இன்னும் பழகலயா?

— விளையாடாதீங்க மிஸ்டர் டெஸ்மண்ட். நான் உங்ககிட்ட சொன்னேன் இல்லையா? நீங்க வேலைக்கு வந்து தொப்பியைக் கழற்றும்போதே சொன்னேன். மெக்கானிக் நெவில் என்ன சொல்லச் சொன்னாரோ, அதை அப்படியே.

— சொன்னியே. பிரேக்கை பாட்ஜ் பண்ணிட்டு டிப்போவுக்குப் போயிருக்கான்னு. அப்போதைக்கு ஒப்பேத்தி வச்சிருக்கான், மத்தியானம் புதுப் பட்டை கொண்டாந்து மாட்டுவான். அதுவரைக்கும் தாங்கும். நான் ஓட்டறேன். இதுல என்ன?

— பாட்ஜ் இல்லை. பாட்ச்.

— அதைத்தான் நானும் சொல்றேன்.

— இல்லை, நீங்க வேற சொல்றீங்க. நான் சொன்னது பாட்ச். ச். ச்.

— அட, உன் வாயில என்னைக்குக் கடைசி ஜ் வந்திருக்கு? சாசேஜ் ரோலை சாசேச் ரோல்னு கூவி விக்கிறவ நீ. கேரேஜ் உனக்கு கேரேச். ஃப்ரிட்ஜ் உனக்கு ஃப்ரிட்ச். போலந்து நாக்கு, அது வளையாது. நான்தான் மனசுக்குள்ளயே திருத்திக் கேட்டுக்கறேன். பழகிப்போச்சு.

— இந்தத் தடவை திருத்தியிருக்கக் கூடாது.

— என்ன சொல்ற?

— நெவிலே அப்படித்தான் சொன்னார். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. ஸ்பானரைத் தரையில் ஓங்கி அடித்தார், என் கோப்பைகள் எல்லாம் ஆடின. "டெஸ் வந்தா சொல்லு, பிரேக்கை பாட்ச் பண்ணிட்டேன்னு சொல்லு", அவ்வளவுதான், வேனை எடுத்துக்கொண்டு பறந்தார். ஒப்பேத்தி முடித்த மனுஷன் ஸ்பானரைத் தூக்கி அடிப்பாரா?

— பாட்ச்னா என்னன்னு தெரிஞ்சுதான் பேசறியா?

— நீங்க சொல்லிக் கொடுத்ததுதானே? பாட்ஜ் என்றால் கம்பியோ கயிறோ வைத்து ஒப்பேத்துவது. பார்க்க அசிங்கம், ஆனால் நிற்கும். பாட்ச் என்றால் சொதப்புவது. கைவைத்ததால் இருந்ததும் போச்சு என்பது.

— சிவப்புப் பலகை மாட்டியிருப்பானே! 'ஓட்டாதே'ன்னு ஒரு பலகை இருக்குல்ல? வேலை பாதியில நின்னா அதை இந்தக் கொக்கியில மாட்டிட்டுத்தான் போகணும். கொக்கி காலியா இருக்கு, பார். அதனாலதான் நான்...

— அந்தப் பலகை என் கடையில் இருக்கு.

— உன் கடையில என்ன பண்ணுது?

— போன வாரம் ஷட்டர் இறங்கிக்கொண்டே இருந்தது. நீங்கதான் அதை எடுத்து வந்து முட்டுக்கொடுத்தீங்க. "பாத்தியா கண்ணு, இதுக்குப் பேர்தான் பாட்ஜ்" என்று சொன்னீங்க. நெவில் கொக்கியைப் பார்த்தார், தேடினார், திட்டினார், போய்விட்டார்.

— ஏசுவே.

— நிறுத்துங்க. பெட்டியை நிறுத்துங்க மிஸ்டர் டெஸ்மண்ட்.

— தொடாதே! கையை எடு, லிவரைத் தொடாதே!

— நிறுத்த வேண்டாமா?

— நிறுத்தினாத்தான் சாவு. கேளு. இப்ப பெட்டியைப் பிடிச்சிருக்கறது மோட்டாரு. என் கை இந்த லிவர்ல இருக்கிறவரைக்கும் மோட்டார் பிடிக்கும். கையை எடுத்தா மோட்டார் விட்டுடும், பிரேக் வந்து பிடிக்கணும். பிரேக் இருக்கோ இல்லையோ, யாருக்குத் தெரியும்? இல்லேன்னா பெட்டி அப்படியே உருண்டு போய் கடற்கரை ரோட்டுல நிக்கும்.

— பிரேக்கைப் போய்ப் பார்க்கிறேன். அந்தத் தரைக்கதவுக்குக் கீழேதானே?

— பூட்டியிருக்கும். சாவி நெவில் இடுப்புல. அவனுக்குப் போன் போடு. சுவத்துல நம்பர் இருக்கு, சீக்கிரம்.

— போட்டேன். மணி அடிக்குது.

— எடுத்தானா?

— இல்லை. உங்களுக்குப் பின்னாடி அடிக்குது. கருவிப் பெட்டிக்குள்ளே.

— முட்டாப்பய! போனை விட்டுட்டுப் போயிருக்கான். சரி. சரி, யோசிப்போம். கீழ வரைக்கும் மெதுவா இறக்கிட்டா போதும். அடியில ரப்பர் கட்டை இருக்கு, அதுமேல உக்காந்துட்டா அப்புறம் பிரேக்கே வேணாம். நான் கையை எடுக்காம இருக்கணும். யாரும் எதையும் இழுக்காம இருக்கணும்.

— யார் இழுப்பாங்க?

— பெட்டிக்குள்ள சிவப்புக் கைப்பிடி இருக்குல்ல? ஆபத்துக்கு. அதை இழுத்தா மோட்டார் கட் ஆயிடும்.

— எத்தனை பேர் உள்ளே?

— பதினோரு பேர். டவுன் கிளப்புலேர்ந்து வந்த கிழடுங்க. அப்புறம் மரியன்.

— உங்க மனைவி மரியனா?

— எனக்கு வேற எந்த மரியன் இருக்கா? லிஃப்ட்டுன்னாலே அவளுக்குப் பயம், எப்பவும் படியிலதான் போவா. முழங்கால் வீங்கியிருக்குன்னு நான்தான் இன்னைக்கு வம்பு பண்ணி ஏத்திவிட்டேன். "என்னை நம்பி உக்காரு"ன்னு சொன்னேன், ஹலினா. கதவைச் சாத்தினதே நான்தான்.

— இண்டர்காம் அடிக்குது.

— அவதான். கேட்கப்போறா. என் கை ரெண்டும் இங்க மாட்டிக்கிச்சு, ரிசீவரை எடுத்துக் காதுல வை. இப்படி. இன்னும் மேல. ஹலோ? என் செல்லமே! சொல்லும்மா. என்ன தங்கம்?

— என்ன பண்றீங்க! செல்லமே, தங்கமே! முப்பது வருஷத்தில் ஒரு நாளாவது அப்படிக் கூப்பிட்டிருக்கீங்களா? இப்பவே கைப்பிடியை இழுத்துவிடுவாங்க!

— ஒண்ணுமில்ல மரியன். குரலா? குரலுக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு. இல்ல, யாரும் சாகல... ஹலினா, ரிசீவரைப் பொத்து. பொத்திட்டியா? என் குரல் ஏன் நடுங்குதுன்னு கேக்கறா. என்ன சொல்ல?

— சண்டை போடுங்க.

— என்னது?

— வழக்கம்போலப் பேசுங்க. நீங்க ரெண்டு பேரும் காலையில் வரும்போதே ஏதோ சண்டை. அதையே போடுங்க. அப்பதான் நம்புவாங்க.

— சுவத்துல நான் ஒட்டின படக் காகிதம்... ஆமா. கையை எடு, பேசறேன். ஆமா மரியன், ஏன் குரல் நடுங்குதுன்னா கேக்கற? கோவத்துல நடுங்குது! நேத்து ராத்திரி நீ உன் தங்கச்சிக்குப் போன்ல என்ன சொன்ன? கேட்டுட்டுதான் இருந்தேன். நான் முன்னறைச் சுவத்தைப் பன்னிக் காது ஆக்கிட்டேனா? பன்னிக் காதுன்னா சொதப்பல்னு எனக்குத் தெரியாதா? மூணு நாள் ஏணியில நின்னேன்டி!

— நல்லா இருக்கு. இன்னும்.

— காகிதத்துல இருக்கிற பறவை தலைகீழாவா? தலைகீழாத்தான் இருக்கட்டுமே! எந்தப் பறவை கழுத்தை நேரா வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு? நீ திரைச்சீலை தைச்சியே, அது என்ன? அதுக்கும் இதுக்கும் சேர்த்து ஒரே பேர்தான், நாய்ச் சாப்பாடு. கலந்து கொட்டினது. ஆமா, நாய்ச் சாப்பாடுன்னுதான் சொன்னேன். பெட்டிக்குள்ள எல்லாருக்கும் கேக்கட்டும்!

— எவ்வளவு தூரம் போயிருக்கு?

— நடுவுக்கு வரப்போகுது. நீ சன்னல்ல பாரு.

— பக்கத்துத் தண்டவாளத்தில் மேலே ஏறுகிற காலிப் பெட்டி தெரியுது. ரெண்டும் கடக்கப் போகுது. மிஸ்டர் டெஸ்மண்ட், ஏதோ கருகுற நாற்றம்.

— மோட்டாரு. இவ்வளவு மெதுவா இறக்கி அதுக்குப் பழக்கமில்ல. என்ன மரியன்? யாரு கேக்கறாரு? ...ஐயய்யோ. ரிசீவரைப் பொத்து, ஹலினா.

— என்ன?

— நடுவுல நிறுத்தலையான்னு கேக்கறாராம். ஒரு தொப்பிக்காரர். கடல் தெரியற இடத்துல ஒரு நிமிஷம் நிக்கும்னு வாசல்ல நான்தானே எழுதிப் போட்டிருக்கேன். ஒவ்வொரு தடவையும் நிறுத்துவேன். போட்டோ எடுக்கணுமாம். நிறுத்தலேன்னா அவரே நிறுத்திக்குவாராம், கைப்பிடி பக்கத்துலயே நிக்கறாராம்.

— மரியன்கிட்ட சொல்லுங்க, தடுக்கச் சொல்லுங்க.

— ஏன்னு கேப்பா! ஏன்னு சொன்னா மயங்கி அவளே கைப்பிடியில தொங்குவா.

— அப்படியென்றால் அவங்களுக்குக் கோபம் வரணும். அந்த ஆள் மேல்.

— கையை எடு. மரியன், அந்தத் தொப்பிக்காரர் இருக்காரே, ஏறும்போதே உன்னைப் பத்தி ஒண்ணு சொன்னாரு. நான் சொல்ல வேணாம்னு பாத்தேன். உன் கோட்டைப் பத்தி. சோபா உறையைக் கிழிச்சுத் தைச்ச மாதிரி இருக்குன்னாரு. ஆமா, அந்தப் பச்சைக் கோட்டுதான். மரியன்? இருக்கியா?

— என்ன சொல்றாங்க?

— ரிசீவரைக் கீழ வச்சுட்டா. இல்ல, தொங்குது, கேக்குது. கத்தறா. அவர் நான் சொல்லவே இல்லைன்னு கத்தறார். அம்மாடி, என்ன குரல்! அவரை உக்காரச் சொல்றா. ஓரத்துல போய் உக்காரச் சொல்றா. கைப்பையைக் கைப்பிடிக்கு முன்னால வச்சு மறிச்சு நிக்கறா போலிருக்கு. "என் புருஷன் எப்ப நிறுத்தறானோ அப்ப நிக்கும்"ங்கறா. ஹலினா... எனக்காகப் பேசறா.

— அழாதீங்க. லிவரைப் பாருங்க.

— பாத்துட்டுதான் இருக்கேன். கண்ணுல வேர்வை. துடைச்சு விடு.

— நாற்றம் அதிகமாகுது. புகை வருது, தரைக்கதவு இடுக்கில்.

— வரட்டும். நான் கேட்டதை நெனச்சாத்தான் ஆறல, கண்ணு. நெவில் வேற ஊர்லேர்ந்து இங்க வந்து மூணு மாசந்தான். வாயே திறக்க மாட்டான். அவன் சொல்லி அனுப்பினது ஒரே ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையையும் நான் என் இஷ்டத்துக்குத் திருத்திக்கிட்டேன்.

— இப்ப அதைப் பேச வேண்டாம். பாறை தாண்டியாச்சு. புதர் தாண்டியாச்சு. இனி சுவர் மட்டும்.

— சுவர்லேர்ந்து அடி வரைக்கும் சரிவு ஜாஸ்தி. இங்கதான் இழுக்கும். பிடி. பிடிடா செல்லம். இரு, இரு, இரு...

— தொட்டது. கீழே தொட்டுவிட்டது! கதவு திறக்குது. ஒருத்தர் இறங்கிவிட்டார். இன்னொருத்தர். அந்தத் தொப்பிக்காரர் ஓடுகிறார். மாதாவே! எல்லாரும் இறங்கிவிட்டாங்க.

— மரியன்?

— பச்சைக் கோட்டு. இறங்கிவிட்டாங்க. நொண்டி நடக்கிறாங்க. மேலே பார்த்து உங்களுக்கு விரலை ஆட்டிக் காட்டறாங்க.

— எந்த விரலு?

— நடுவிரல். அந்தக் கெட்ட விரல்.

— அப்ப நல்லாத்தான் இருக்கா. கையை எடுக்கறேன். விரல் மடங்கிப்போச்சு, விட மாட்டேங்குது. ஒவ்வொண்ணா பிரிச்சு விடு. ஆ! மெதுவா.

— டீ போட்டுத் தரேன். சர்க்கரை மூணு.

— இரு, போகாதே. நகராட்சி ஆபீசுக்குப் போன் பண்ணணும். மோட்டார் கருகிப்போச்சு, மறைக்க முடியாது. எப்படிச் சொல்றதுன்னு யோசிப்போம். "கொஞ்சம் பேரிக்காய் ஆயிடுச்சு சார்"னு ஆரம்பிக்கலாமா?

— பன்னிரண்டு பேர் செத்திருப்பாங்க. நீங்க பேரிக்காய் என்கிறீங்க.

— எங்க பக்கம் அப்படித்தான் சொல்வோம். உருண்டையா வரவேண்டியது கோணலா வந்துடுச்சுன்னு. மேலதிகாரிகிட்ட பேச இதுதான் பதமான வார்த்தை. அப்புறம்... சேதி வர்றதுல ஒரு குழப்பம் ஆச்சுன்னு சொன்னாப் போதும்.

— எந்த இடத்தில் குழப்பம்?

— நடுவுல.

— நெவிலுக்கும் உங்களுக்கும் நடுவில் நான்தான் இருந்தேன்.

— பேரெல்லாம் சொல்ல மாட்டேன் கண்ணு. உச்சரிப்பு அப்படி இப்படின்னு பட்டும் படாம...

— என் கடை உரிமம் அடுத்த மாசம் அதே ஆபீசில்தான் புதுப்பிக்கணும். உச்சரிப்பு என்றால் அவங்களுக்குப் பேர் தேவையில்லை. இந்த மலை உச்சியில் வேற உச்சரிப்பு இருக்கிற ஆள் நான் ஒருத்திதான்.

— எனக்கு ஓய்வு வர இன்னும் எட்டு மாசம் இருக்கு, ஹலினா. பதினோரு கிழவங்களையும் பெண்டாட்டியையும் பிரேக் இல்லாத பெட்டியில அனுப்பினேன்னு எழுதினா என்ன மிஞ்சும் எனக்கு? உனக்கு ஒரு எச்சரிக்கைக் கடுதாசி வரும், அவ்வளவுதான். நான் வந்து பேசி சரி பண்ணித் தரேன்.

— ஒப்பேத்தித் தருவீங்க.

— அப்படியே வச்சுக்கோ.

— ரெண்டு வருஷமா எனக்குச் சொல்லிக் கொடுத்தீங்க. நானும் ஆசையாகக் கற்றுக்கொண்டேன். ஒரு வேலை நாசமானால் உங்ககிட்ட அதற்குப் பன்னி இருக்கு, நாய் இருக்கு, பேரிக்காய் இருக்கு, இன்னும் முப்பது இருக்கு. ஆனால் "தப்பு என்னுடையது" என்பதற்கு ஒன்றுகூட நீங்க எனக்குச் சொல்லித் தரலை.

— டீயை அங்க வை.

— டீ ஆறிடும்.

— நீ சரியாத்தான் சொன்ன.

— ஆமா.

— ச் போட்டு, தெளிவா, ரெண்டு தடவை சொன்ன. எனக்கு ஞாபகம் இருக்கு. "சரி சரி, பாட்ஜ், புரிஞ்சுது"ன்னு நான் கையைக் காட்டினேன். உன் முகத்தைக்கூடப் பாக்கல.

— ஆமா.

— போனைக் குடு. மேலதிகாரிகிட்ட சொல்றேன். அந்தப் பொண்ணு சொன்னதுல பிசகில்ல, கேட்ட காதுலதான் பிசகுன்னு. ஆமா, இப்படியே சொல்றேன், பேரிக்காய் எல்லாம் வேணாம். பலகையை முட்டுக்கொடுத்ததையும் சேர்த்துச் சொல்லிடறேன். ஹலோ? மலை லிஃப்ட்டுலேர்ந்து டெஸ்மண்ட் பேசறேன். பொறியாளரைக் குடுங்க. காத்திருக்கேன்.

— வேன் வருது. நெவில்.

— வரட்டும். நெவில்! ஓடாதே, எல்லாரும் பத்திரம். கொஞ்சம் மூச்சு விட்டுக்கோ.

— டெஸ்! கீழ கூட்டம் நிக்குது, மோட்டார் ரூம்ல புகை வருது. ஓட்டினியா? நீ ஓட்டினியா?

— ஓட்டினேன். தப்பு என் மேலதான். இந்தப் பொண்ணு நீ சொன்னதை அப்படியே வந்து சொல்லுச்சு, நான்தான் மாத்திக் கேட்டுட்டேன். பொறியாளர் லைன்ல வரப்போறார். அதுக்கு முன்னால ஒரே ஒரு தடவை உன் வாயால கேட்டுக்கறேன். இவகிட்ட என்ன வார்த்தை சொல்லிட்டுப் போன?

— பிரேக்கை பாட்ஜ் பண்ணிட்டேன்னு சொன்னேன்.

— கடைசி எழுத்தை நல்லா சொல்லு.

— ஜ். பாட்ஜ். ஏன், என்ன இப்ப?

— இல்லை. அவர் ச் என்றுதான்... எனக்கு அப்படித்தான் கேட்டது, மிஸ்டர் டெஸ்மண்ட்.

— உனக்கு ரெண்டும் ஒண்ணாத்தானே கேக்கும், ஹலினா! ஜ்னுதான் சொல்லியிருக்கான்! அப்ப நான் கேட்டதுதான் சரி! ஒப்பேத்தியிருக்கான், பிரேக் தாங்கியிருக்கும், வீணா மோட்டாரைக் கருக்கி, மரியனைக் கதிகலங்க வச்சு... ஹலோ சார், ஒரு நிமிஷம் இருங்க, விஷயமே வேற மாதிரி போகுது!

— தாங்கியிருக்குமா? பிரேக் பட்டை ரெண்டு துண்டா என் பையில கிடக்கு, டெஸ். எங்க ஊர்ல பாட்ஜ் பண்ணிட்டேன்னா அடியோட நாசமாக்கிட்டேன்னுதான் அர்த்தம், உங்க ஊர்ல வேற அர்த்தமா?